வினோதா அக்காவின் கிளை

காலையில் வந்ததும் சுமன் அண்ணா கம்ப்யூட்டரைத் திறந்தார். நாற்காலியைப் பின்னால் தள்ளினார். பிறகு முன்னால் இழுத்துக்கொண்டு திரைக்குள்ளே போய்விடுவதைப் போலக் குனிந்தார்.

"எங்க போச்சு?" என்றார்.

அவர் என்னிடம் கேட்கவில்லை, திரையிடம் கேட்டார். ஆனால் நேற்று மாலை அந்தக் கம்ப்யூட்டரைக் கடைசியாகத் தொட்டவள் நான்தான்.

எங்கள் ஆபீஸ் ஹட்டன் டவுனில், வீரய்யா ஐயாவின் ஹார்ட்வெயார் கடைக்கு மேல்மாடி. ஜூட்சன் அண்ணாதான் தலைவர். அவருக்குக் கீழே சுமன் அண்ணாவும் வினோதா அக்காவும். மூன்று பேரும் சேர்ந்து தோட்டங்களுக்கு ஒரு செயலி செய்துகொண்டிருந்தார்கள். தோட்டத்து டிவிஷன் ஒவ்வொன்றிலும் மழை அளக்கும் கருவியில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று ஒருவர் பார்த்துப் போனில் பதிந்தால் போதும். அளவு கூடும்போது, மண் சரிவதற்கு முன்பே, மலையின் கீழே தொழிலாளர் குடியிருக்கும் லயங்களில் எல்லோருடைய போனும் அலறும்.

நான் ஓ.எல். பரீட்சை எழுதாமலே பள்ளிக்கூடத்திலிருந்து நின்றவள். கூட்டித் துடைக்கவும் பிளேன்டீ ஊற்றவும்தான் இங்கே வந்தேன். ஒன்பது நாளைக்கு முன்பு ஜூட்சன் அண்ணா என்னை ஒரு நாற்காலியில் உட்கார வைத்தார். "ஒரு மாசம் பார்ப்போம் தங்கச்சி. சரிவந்தா இருங்க. இல்லாட்டி..." என்று நிறுத்திக்கொண்டார். இல்லாவிட்டால் என்ன என்று எனக்குத் தெரியும். அம்மாவோடு காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்துவிட்டுக் கொழுந்துக்கூடையை மாட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

"சுதா, இங்க வா. இந்த இடத்துல நேத்து என்னா இருந்துச்சு?"

திரையின் இடது ஓரத்தைக் காட்டினார். சோர்ஸ் கன்ட்ரோல் என்று அவர்கள் சொல்லும் பகுதி. யார் எந்த ஃபைலை எப்போது மாற்றினார்கள் என்பதையெல்லாம் ஞாபகம் வைத்திருப்பது அதுதான். தப்பாகிவிட்டால் பழையபடி திருப்பித் தருவதும் அதுதான். வழக்கமாக அங்கே ஃபைல்களின் பெயர்கள் வரிசையாக இருக்கும். இன்று வெறுமையாக இருந்தது. புதிதாக ஆரம்பிக்கவா என்று கேட்கும் ஒரு நீலப் பொத்தான் மட்டும் இருந்தது.

"லிஸ்ட் இருந்துச்சுங்க" என்றேன்.

"அதைத்தானே நானும் சொல்றேன். நேத்து நான் போனப்புறம் யாராச்சும் தொட்டீங்களா?"

நான் தண்ணீர் கொதிக்கும் கேத்தலைப் பார்த்தேன். அதை அவர் இல்லை என்று எடுத்துக்கொண்டார்.

நேற்று நான் செய்தது ஒரே ஒரு வேலை. செய்த வேலையை அனுப்பி வைக்கிற பழைய சர்வர் மூன்று வாரமாக மூடிக்கிடந்தது. ஜூட்சன் அண்ணா புதிய இடம் ஒன்றைப் பிடித்துவிட்டார். பஸ்ஸுக்கு ஓடும்போது அதன் விலாசத்தைப் பழைய கலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தார். "இந்த கொன்ஃபிக் ஃபைல்ல, பழசு இருக்கிற இடத்துல இதைப் போட்டுட்டு சேவ் பண்ணுங்க தங்கச்சி. அவ்வளவுதான்." போட்டேன். ஒவ்வொரு எழுத்தாகத் தாளோடு ஒப்பிட்டு மூன்று முறை பார்த்தேன். புள்ளி, கோடு எதுவும் பிசகவில்லை. பிறகு சேவ் பண்ணினேன். தப்பு என்னுடையதாக இருக்க முடியாது என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

மழை பிடித்துக்கொண்டது. தகரக்கூரையில் விழுகிற சத்தத்தில் சுமன் அண்ணா தனக்குத்தானே பேசுவது பாதிதான் கேட்டது. கம்ப்யூட்டரை நிறுத்திப் போட்டார். அந்தப் பகுதியைக் கழற்றிவிட்டு மறுபடி இறக்கினார். போனிலிருந்து எடுக்கும் இன்டர்நெட் என்பதால் அது நகர்ந்து நகர்ந்து இருபது நிமிடம் ஆனது. எல்லாம் முடிந்த பிறகும் அதே நீலப் பொத்தான்.

"கலியாணத்துக்குப் போற அவசரத்துல வினோதா என்னமோ குழப்பிட்டுப் போயிருக்கா" என்றார்.

வினோதா அக்காவின் லெப்டொப் பழுதாகி ஒரு மாதம். காலையில் சுமன் அண்ணாவும் பின்னேரம் அவரும் இந்த ஒரே கம்ப்யூட்டரில்தான் வேலை செய்தார்கள். வினோதா அக்காவின் உடன்பிறந்த அக்காவுக்கு இன்று கொத்மலையில் கலியாணம். சுமன் அண்ணா ஐந்து முறை அழைத்தார். யாரும் எடுக்கவில்லை.

"பாரு, எடுக்க மாட்டேங்குறா. செஞ்சவளுக்குத் தெரியும்தானே."

இல்லை என்று சொல்ல வேண்டும் போலிருந்தது. நான் எழுந்து போய்க் கழுவிய கோப்பைகளையே மறுபடியும் கழுவினேன்.

பத்தே முக்காலுக்கு ஜூட்சன் அண்ணா அழைத்தார். பொகவந்தலாவை பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தார். இரண்டு மணிக்குத் தோட்டத்து மண்டபத்தில் எல்லோருக்கும் செயலியைக் காட்ட வேண்டும். இங்கிருந்து அனுப்பினால்தான் அங்கே அவருடைய போனில் புதியது வரும். சுமன் அண்ணா போனை ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்தார்.

"அனுப்பியாச்சா?"

"எங்கங்க அனுப்புறது? கம்ப்யூட்டர் அப்படி ஒரு வேலையே ஞாபகம் இல்லைங்குது."

"வெளையாடாதடா. கறுப்பு விண்டோவைத் திற. நான் சொல்றதை அடி."

கண்டக்டர் முன்னுக்குப் போகச் சொல்லிச் சிங்களத்தில் கத்தினார். ஒரு வளைவில் சத்தம் அறுந்தது. அடுத்த வளைவில் வந்தது. சுமன் அண்ணா அடித்தார். ஒரே ஒரு வரி பதிலாக வந்தது.

"கொன்ஃபிக் ஃபைல்ல முதல் வரி பிழையாம்."

நான் மாற்றிய விலாசம் ஏழாவது வரியில் இருந்தது. முதல் வரியை நான் மாற்றவில்லை. ஆனால் அதே ஃபைல்.

"திறந்து பாரு. முதல் வரியில என்னா இருக்கு?"

சுமன் அண்ணா திறந்தார். "அடைப்புக்குள்ள கோர்னு இருக்கு. எல்லாத்துலயும் இருக்கிற மாதிரித்தான்."

"வேற?"

"வேற ஒண்ணும் இல்லைங்க. கீழ வழக்கமா உள்ளதுதான். புது விலாசம் சரியா இருக்கு. நீங்கதானே மாத்துனீங்க?"

பஸ் ஹோர்ன் அடித்தது. ஜூட்சன் அண்ணா அந்தக் கேள்விக்குப் பதில் சொன்னாரா, அல்லது சத்தம் அறுந்துவிட்டதா என்று தெரியவில்லை. திரும்பி வந்தபோது வேறு சொன்னார்.

"நோர்வூட் தாண்டியாச்சு. இனிச் சிக்னல் இருக்காது. உள்ளுக்குள்ள என்னமோ கெட்டுப்போயிருக்கு, அதைத் தோண்டிக்கிட்டு இருக்க நேரமில்ல. அந்த மறைஞ்சிருக்கிற கிட் ஃபோல்டரை அழிச்சிடு. புது சர்வர்ல மூணு வாரத்துக்கு முந்தின நகல் போட்டிருக்கேன், அதை இறக்கி, இப்ப உள்ள ஃபைலை அதுக்கு மேல வச்சு அனுப்பு."

"அதான் சரி" என்றார் சுமன் அண்ணா. அவர் முகம் தெளிந்தது.

எனக்குத் தெளியவில்லை. புதன்கிழமை பின்னேரம் வினோதா அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மூன்று வாரமாக அவர் செய்தது குரல் எச்சரிக்கை. வாசிக்கத் தெரியாதவர்களுக்குப் போன் தமிழிலும் சிங்களத்திலும் பேசிச் சொல்லும். "இதை இன்னும் சேர்க்கல்ல சுதா. கலியாணம் முடிஞ்சு வந்துதான் சேர்ப்பேன். அதுவரைக்கும் என் கிளையில தனியா கெடக்கட்டும்" என்றார். கிளை என்றால் என்ன என்று கேட்டேன். ஒரே மரம், ஆனால் அவர் பக்கத்தை இவர் வெட்டாமல் வளர்ப்பது என்றார். அது எங்கே இருக்கும் என்றும் கேட்டேன். "வெளியில தெரியாது. கிட்னு மறைஞ்சிருக்கிற ஒரு ஃபோல்டர் இருக்கு, அதுக்குள்ள."

இப்போது திரையில் இருந்த ஃபைல்கள் சுமன் அண்ணாவின் கிளை. வெளியே இருப்பது அது மட்டும்தான். ஃபோல்டரை அழித்தால் வினோதா அக்காவின் மூன்று வாரமும் போய்விடும்.

"அண்ணே" என்றேன். மழைச்சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை.

அவர் மறைந்திருக்கும் ஃபோல்டர்களைக் காட்டும்படி செய்துகொண்டிருந்தார். சாம்பல் நிறத்தில் அது வெளிப்பட்டது. அதன்மேல் ஒருமுறை தட்டினார். நீலமானது.

என் குரலை நம்பிப் பிரயோசனமில்லை. எழுதினால் வரும், அது மட்டும் எனக்குத் தெரியும். தேயிலை டின்னுக்குப் பின்னால் வைத்திருந்த என் கொப்பியை இழுத்துப் புதுப் பக்கத்தைத் திருப்பினேன். உ போட்டேன். அதன் கீழே, "அண்ணே அழிக்காதீங்க, அக்காவோட வேலை உள்ளே இருக்கு" என்று எழுதி, கொப்பியைக் கொண்டுபோய் அவருடைய இரண்டு கைகளுக்கும் நடுவில், விசைப்பலகையின் மேலேயே வைத்தேன்.

"என்னா புள்ள இது!" என்றவர் வாசித்தார். கை நின்றது.

"அவ இன்னும் சேர்க்கல்லியா?"

தலையாட்டினேன். ஆனால் என் கண் நான் எழுதியதில் இல்லை, அதற்கு மேலே இருந்த சுழியில் இருந்தது. எழுதியது எனக்கே ஞாபகமில்லை. அவசரத்தில்கூடக் கை அதைப் போட்டிருக்கிறது.

இந்த ஆபீஸ் திறந்த நாளில், பிள்ளையார் சுழி போடாமல் ஒன்றையும் தொடங்கக்கூடாது என்று வீரய்யா ஐயா சொன்னாராம். விளையாட்டாக முதல் ஃபைலில் போட்டார்கள். பிறகு பழகிவிட்டது. ஜூட்சன் அண்ணா கத்தோலிக்கர், அவரும் போடுவார். புரோகிராம் எழுதிய ஒவ்வொரு ஃபைலின் தலையிலும் இரண்டு சாய்ந்த கோடும் ஒரு உவும் இருக்கும். அந்தக் கோடுகளை நான் அலங்காரம் என்றுதான் நினைத்திருந்தேன்.

நேற்று அந்தக் கொன்ஃபிக் ஃபைலைத் திறந்தபோது தலையில் சுழி இல்லை. மறந்துவிட்டார்கள் போலும் என்று நினைத்தேன். போட்டேன். கோடு இல்லாமல்.

"அண்ணே, முதல் வரி" என்றேன். இந்த முறை சத்தமாக வந்துவிட்டது. "அடைப்புக்கு மேல என்னா இருக்கு?"

"உ இருக்கு. அது எப்பவும்..." என்று தொடங்கியவர் நிறுத்தினார். வாயைத் திறந்தபடியே என்னைப் பார்த்தார். பிறகு திரையைப் பார்த்தார்.

"அடக் கடவுளே. உவை யாராச்சும் வாசிப்பாங்களா? நானும் தாண்டிப் போயிட்டேனே!"

அந்தச் சாய்ந்த கோடு அலங்காரம் இல்லையாம். இது மனுஷருக்கு, நீ வாசிக்காதே என்று கம்ப்யூட்டருக்குச் சொல்கிற அடையாளமாம். அது இல்லாததால் உவையும் ஒரு கட்டளை என்று நினைத்துப் புரியாமல் நின்றுவிட்டது.

"யாரு போட்டது?"

"நாந்தாங்க."

"நேத்து யாரும் தொடலன்னு சொன்னியே!"

"நான் ஒண்ணும் சொல்லலீங்க."

அவர் என்னை முறைத்தார். "ஆமா. சொல்லல்ல" என்றார். அது திட்டியதை விட உறைத்தது.

உவை அழிப்பதற்கு விரலைக் கொண்டுபோனவர், அப்படியே எடுத்துக்கொண்டார். "வெள்ளிக்கிழமையும் அதுவுமா... நீயே அழி." என் கையும் வரவில்லை. கடைசியில் அவர் உவுக்கு முன்னால் குறுக்கும் நெடுக்குமாகக் கோடுபோட்ட ஓர் அடையாளத்தை அடித்தார். இந்த ஃபைலுக்கு அதுதானாம். சேவ் பண்ணினார்.

இடது ஓரத்தில் பெயர்கள் வந்தன. மேலிருந்து கீழே, எல்லாம். சுமன் அண்ணா கிளைகளின் பட்டியலைத் திறந்தார். இரண்டாவதாக வினோதா அக்காவின் பெயர் இருந்தது. இரண்டு கிளைகளையும் அனுப்பினார். வட்டம் சுற்றிச் சுற்றிச் சுற்றி, ஒன்றே முக்காலுக்கு நின்றது.

இரண்டு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது ஜூட்சன் அண்ணா எங்கிருந்தோ சிக்னல் பிடித்து அழைத்தார். பின்னால் பிள்ளைகளின் கூச்சல்.

"வந்துடுச்சு! எதுடா பிழை?"

சுமன் அண்ணா என்னைப் பார்த்தார். மற்ற ஃபைல்களில் எது மாறினாலும் யார் மாற்றியது என்று தெரிந்துவிடும். ஆனால் அந்தக் கொன்ஃபிக் ஃபைல் மறைந்த ஃபோல்டருக்குள்ளேயே இருப்பதால் அதன் கதை மட்டும் எங்கேயும் பதியாதாம். அவரும் நானும் சொல்லாவிட்டால் அது யாருக்கும் தெரியப்போவதில்லை.

"அது வந்துங்க, முதல் வரியில ஒரு எழுத்து கூடுதலா..."

"யாரு?"

போனை என் பக்கம் நீட்டினேனா, அவர் நீட்டினாரா என்று நினைவில்லை. "நாந்தாங்க அண்ணே" என்றேன். பார்த்தால், இணைப்பு அறுந்திருந்தது.

"கேட்டிருக்காது. விடு" என்றார் சுமன் அண்ணா.

என்னால் இருக்க முடியவில்லை. மேசையைச் சுற்றினேன். கேத்தலை வைத்தேன், எடுத்தேன். ஜூட்சன் அண்ணா சொன்ன ஒரு மாதம் முடிய இன்னும் இருபத்தொரு நாள் இருக்கிறது, பேசாமல் இருந்துவிடலாம். ஜன்னல் ஓரத்தில் சிக்னல் நன்றாக இருக்கும். அங்கே போய் நின்று ஜூட்சன் அண்ணாவை நானே அழைத்தேன். நானாக அவரை அழைத்தது அதுவே முதல் தடவை.

"சொல்லுங்க தங்கச்சி, ஆள்கள் வந்துட்டாங்க."

சொன்னேன். நான்தான் போட்டேன், காலையில் கேட்டபோது வாயைத் திறக்கவில்லை, அதனால் அக்காவின் வேலை போகப் பார்த்தது. மூச்சு விடாமல் சொன்னேன்.

இந்த முறை இணைப்பு இருந்தது. பிள்ளைகளின் சத்தம் கேட்டது.

"எத்தனை ஃபைல்ல உ இருக்கு?"

"நாப்பத்திமூணுங்க. இதோட நாப்பத்திநாலு."

"எண்ணி வச்சிருக்கீங்களா?"

"ஆமாங்க."

"திங்கக்கிழமை பஸ்ஸை விட்டுடாம நேரத்துக்கு வாங்க" என்று சொல்லி வைத்துவிட்டார்.

நான் திரும்புவதற்குள் மேசையில் சுமன் அண்ணாவின் போன் அடித்தது. வினோதா அக்கா. நாதஸ்வரம் காதைக் கிழித்தது.

"என்னாங்க அஞ்சு மிஸ்ட் கோல்? யாருக்கு என்னா ஆச்சு?"

சுமன் அண்ணா போனை என் கையில் திணித்துவிட்டுப் பிளேன்டீ ஊற்றப் போய்விட்டார்.

"அக்கா, நாந்தான் சுதா. உங்க கிளை இருக்குக்கா."

"என்னா கிளை? சத்தமாப் பேசுடி, ஒண்ணுமே வெளங்கல்ல!"

சத்தமாகப் பேசினேன்.