ஆறாத குப்பி

தையல்காரியின் இரத்தம் இருந்த குப்பி, மைனஸ் இருபது டிகிரி உறைபெட்டியில் நான்கு நாள் கிடந்த பிறகும் முப்பத்தேழு டிகிரியில் இருந்தது. ஐந்தாம் நாள் காலை அதைச் சுற்றியிருந்த பனி கையகலத்துக்கு உருகி, பக்கத்துக் குப்பிகளின் சீட்டுகள் நனைந்துவிட்டதால், தடயவியல் ஆய்வகத்தின் நச்சியல் பிரிவில் உறைபெட்டி பழுது என்று புகார் எழுதினார்கள். மெக்கானிக் வந்தார். பெட்டியை இழுத்துப் போட்டு, முதுகுத் தகட்டைக் கழற்றி, கதவு ரப்பரில் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு, ஒரு குறையும் இல்லை என்று கையெழுத்துப் போட்டார். "பெட்டி நல்லாத்தான் இருக்கு. அந்தப் பாட்டில்தான் ஒத்துழைக்க மாட்டேங்குது," என்று சொல்லிவிட்டுக் கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு போனார். அதன்பின் குப்பியைத் தனித் தட்டில் வைத்தார்கள். தினசரி வெப்பநிலை எழுதும் ஏட்டில் அதற்கென்று ஒரு பத்தியைக் கோடு போட்டுப் பிரித்து, முப்பத்தேழு, முப்பத்தேழு என்று எழுதி வந்தார்கள்.

தையல்காரிக்கு வயது முப்பத்து நான்கு. அவள் வைத்த காலர் எத்தனை சலவைக்கும் மடங்காது என்று பேர். வருடத்துக்கு இரண்டு முறை அவள் மனம் ஏறும், இறங்கும். ஏறினால் மூன்று நாள் தூங்காமல் தைப்பாள். இறங்கினால் ஊசியில் நூல் கோக்கவும் கை எழாது. லித்தியம் மாத்திரை அதை ஒன்பது வருடம் சமனில் வைத்திருந்தது. பிறகு ஒரு மோசமான மாதம் வந்தது. அவளுடைய அக்கா பேருந்து நடத்துனர். காலை ஐந்தரைக்கு வண்டி ஏறுகிறவள். தங்கையைத் தனியே விட்டுப் போகப் பயந்து, மனநலக் காப்பகம் ஒன்றில் மூன்று வாரத்துக்குச் சேர்த்தாள். பத்தொன்பதாம் நாள் உடலை எடுத்துக்கொண்டு போகச் சொன்னார்கள். கொடுத்த மாத்திரைகளையெல்லாம் நாக்குக்கு அடியில் ஒளித்து, சேர்த்து வைத்து, ஒரே மூச்சில் விழுங்கிவிட்டாள் என்றார் காப்பக மருத்துவர். பைத்தியம் செய்கிற வேலைதானே என்று எல்லோரும் நம்பினார்கள். அக்கா மட்டும் நம்பவில்லை. சீருடையோடு, தோளில் டிக்கெட் பையோடு, காவல் நிலையத்தில் போய் உட்கார்ந்தாள். தங்கையின் உடலைப் பரிசோதனைக்கு அனுப்பும்வரை எழுந்திருக்கவில்லை.

தொடையின் இரத்தக் குழாயிலிருந்து எடுத்த இரத்தம், சிறுநீர், இரைப்பையில் இருந்தது என மூன்று பாத்திரங்கள் முத்திரையோடு வந்தன. வேலை நச்சியல் ஆய்வாளர் கறாரக்காவிடம் போனது. அந்தப் பெயரை ஆய்வகம் வைத்தது. யாரோ ஒரு அதிகாரி அவசரத்துக்கு, சுமாராக ஒரு எண் சொல்லுங்கள் என்று கேட்டபோது, "அந்த ஆளு சுமாராவா செத்தாரு?" என்று திருப்பிக் கேட்டவர் அவர். எதையும் மூன்று முறை அளப்பார். மூன்றும் ஒத்து வராவிட்டால் சாப்பிடப் போகமாட்டார்.

இந்த முறை மூன்றும் ஒத்து வந்தன. இரைப்பையில் ஒரு மாத்திரைத் துகள்கூட இல்லை. இரத்தத்திலும் சிறுநீரிலும் லித்தியம் இல்லை. கடைசிப் பத்து நாளாவது அவளுக்கு அந்த மாத்திரையைக் கண்ணில் காட்டவில்லை என்று அதற்கு அர்த்தம். ஆனால் ஆளை அடக்கிப் படுக்க வைக்கப் போடும் ஊசி மருந்து, தாங்கக்கூடிய அளவைப்போல் பதினோரு மடங்கு இருந்தது. லித்தியம் கொடுத்தால் அடிக்கடி இரத்தம் எடுத்து அளவு பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும். அந்த வேலை மிச்சமென்று காப்பகம் மாத்திரையை நிறுத்தியிருந்தது. மனம் ஏறியவள், வீட்டுக்குப் போகவேண்டும் என்று கதவைத் தட்டியிருக்கிறாள். தட்டத் தட்ட ஊசி போட்டிருக்கிறார்கள்.

அக்கா தன் ஓய்வு நாளில் வந்து தங்கையின் இரத்தத்தைப் பார்க்கவேண்டும் என்று கேட்டாள். வழக்கு முடியும்வரை அனுமதியில்லை என்று கறாரக்கா கறாராகவே சொன்னார். அவள் படியிறங்கிய பிறகு என்ன நினைத்தாரோ, பின்னாலேயே போய், "சூடா இருக்கும்மா. அவ்வளவுதான் என்னால சொல்ல முடியும்," என்றார். அக்கா ஆச்சரியப்படவில்லை. "அவளுக்கு எப்பவுமே கை சூடாத்தான் இருக்கும்," என்றாள்.

ஆய்வக இயக்குநர் கெட்டவர் அல்ல. ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்தவர், அவ்வளவுதான். காப்பக மருத்துவருக்கு வேண்டியவர்கள் அவருக்கும் வேண்டியவர்களாக இருந்தார்கள். கறாரக்காவைக் கூப்பிட்டு, குளிராத இரத்தம் கெட்டுப்போன இரத்தம், அதனால் முடிவு சொல்ல இயலவில்லை என்று எழுதிவிட்டால் யாருக்கும் தொந்தரவில்லை என்றார்.

"செத்தவளுக்கு இருக்கு சார்."

இயக்குநர் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்து அவர் முன்னால் வைத்தார். அது கறாரக்காவின் மருந்துச் சீட்டு நகல். பதினான்கு வருடமாக அவரும் லித்தியம் சாப்பிட்டு வந்தார். அது தன் கணவருக்கும் மருத்துவருக்கும் மட்டும் தெரிந்த விஷயம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தார். "இது வெளிய வந்தா உன் ரிப்போர்ட்டை யாரும்மா மதிப்பாங்க? உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்," என்றார் இயக்குநர்.

கறாரக்கா வீட்டுக்குப் போய்க் கணவரிடம் சொன்னார். கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவர் அவர், அளந்துதான் பேசுவார். "பதினாலு வருஷம் மறைச்சாச்சு. அலுப்பா இல்ல?" என்று கேட்டார். மறுநாள் கறாரக்கா, பதினோரு மடங்கு என்று எண்ணாலும் எழுத்தாலும் எழுதி, கையெழுத்திட்டு, இயக்குநர் மேசையில் வைத்தார். கூடவே தன் மருந்துச் சீட்டின் இன்னொரு நகலையும் வைத்தார். "உங்ககிட்ட இருக்கறது மங்கலா இருந்துச்சு சார். இது தெளிவா இருக்கும்."

வழக்கு நான்கு வருடம் நடந்தது. மாதம் ஒருமுறை கறாரக்கா குப்பியிலிருந்து ஒரு சொட்டு எடுத்து அளந்தார். உடல் சூட்டில் கிடக்கும் இரத்தம் ஒரு வாரத்தில் நாறிப்போகவேண்டும். இது நாறவில்லை, கறுக்கவில்லை, மருந்தின் அளவு இரண்டாம் தசமத்தில்கூட அசையவில்லை. காப்பகத்தின் வக்கீல் ஆய்வகத்துக்கு வந்துபோன ஒரு நாள் மட்டும் வெப்பநிலை ஏட்டில் முப்பத்தெட்டு என்று இருக்கிறது.

கறாரக்கா சாட்சிக் கூண்டில் ஏறியதும் அதே வக்கீல் எழுந்து, "நீங்க மனநோய்க்கு மாத்திரை சாப்பிடறவங்கதானே?" என்றார்.

"ஆமா. பதினெட்டு வருஷமா. இன்னிக்குக் காலையில ஏழு மணிக்கும் சாப்பிட்டேன்."

நீதிமன்றத்தில் யாரோ சிரித்தார்கள். வக்கீல் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து, "அப்ப உங்க கணக்கை நாங்க எப்படி நம்பறது?" என்றார்.

"நம்பவே வேணாம், அளந்து பாருங்க." கறாரக்கா புடவைத் தலைப்பை ஒதுக்கிக் கையை நீட்டினார். "இப்பவே எடுங்க. என் ரத்தத்துல லித்தியம் இருக்கும், புள்ளி ஏழு. அவ ரத்தத்துல இல்ல. ரெண்டு பேருக்கும் ஒரே மாத்திரைதான் ஐயா. எனக்குக் கிடைச்சுது, வேலைக்கு வந்து நிக்கறேன். அவளுக்குக் கொடுக்கல."

யாரும் சிரிக்கவில்லை. வக்கீல் பேச்சை மாற்றி, குளிராத இரத்த மாதிரி செல்லாது என்று வாதாடினார். நீதிபதி குப்பியைக் கொண்டுவரச் சொன்னார். உள்ளங்கையில் வாங்கினார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. விசாரணையின் மீதிப் பொழுது முழுவதும் அதைக் கீழே வைக்காமல், பேனாவை இடது கைக்கு மாற்றிக் கோணலாகக் குறிப்பெழுதினார். பொருள் உடல் சூட்டில் உள்ளது, கெடவில்லை, ஏற்கப்படுகிறது என்பது அன்றைய குறிப்பின் கடைசி வரி.

மருத்துவருக்கு ஏழு வருடம் சிறை விதித்தார்கள். காப்பகத்தின் கதவுகளைத் திறந்துவிட்டு, ஆட்களை வெளியேற்றிய பிறகு முத்திரை வைத்தார்கள். மேல்முறையீடும் தோற்றது. இனி தடையில்லை என்றதும் கறாரக்கா குப்பியைத் தானே எடுத்துப் போய் அக்காவின் கையில் கொடுத்தார். இரண்டு வண்டிகளுக்கு நடுவே கிடைத்த முக்கால் மணி நேரமும் அக்கா அதை இரண்டு கைக்குள்ளும் பொத்தி வைத்துக்கொண்டு பேருந்து நிலையத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அழுதாள், மூக்கைச் சிந்தினாள், திருப்பிக் கொடுத்தாள். "உங்ககிட்டயே இருக்கட்டுங்க. அந்த இடத்துல செத்தது இவ ஒருத்தி மட்டும் இல்லையே," என்றாள்.

அவள் சொன்னது சரியாக இருந்தது. தீர்ப்பைக் கேள்விப்பட்டு ஒரு தச்சர் வந்தார், தன் மனைவிக்காக. அப்புறம் ஒரு தாய், பிறகு அண்ணன் தம்பிகள் மூவர். பழைய மாதிரிகளைத் தேடி அடித்தள அறைக்குப் போனபோது, முடித்து மூடிய வழக்குகளின் குப்பிகள் வரிசையில் அங்கங்கே பனி உருகியிருந்தது. துழாவிப் பார்த்ததில் ஒன்பது சூடாக இருந்தன. புதிய இயக்குநர், குளிரூட்டாத மர அலமாரி ஒன்று வேண்டும் என்று கொள்முதல் பிரிவுக்கு எழுதினார். காரணம் என்ற இடத்தில், குளிராத மாதிரிகளை வைக்க, என்று நிரப்பினார். கொள்முதல் குமாஸ்தா படித்துப் பார்த்துவிட்டு, எத்தனை தட்டு போடவேண்டும் என்று மட்டும் கேட்டார்.

"ஆறு போதும்," என்றார் இயக்குநர்.

"பன்னெண்டு போடச் சொல்லுங்க," என்றார் கறாரக்கா.

குமாஸ்தா பன்னிரண்டு என்று எழுதிக்கொண்டார்.