ஏழாம் பகுதிக்கு யார் தலைவர்?

பன்னிரண்டு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள் நான். பிள்ளைகளின் கூச்சலுக்கு மேலே கத்திப் பழகிய தொண்டை இது. எதை வேண்டுமானாலும் செய்யச் சொல்லுங்கள், வாயை மூடிக்கொண்டு நிற்க மட்டும் எனக்கு வராது. போன டிசம்பரில் அதைத்தான் கற்றுக்கொள்ள வேண்டி வந்தது.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய சனிக்கிழமை எங்கள் ஊரில் பறவைக் கணக்கெடுப்பு. ஊரையும் உப்பங்கழியையும் ஒன்பது பகுதியாகப் பிரித்து, பகுதிக்கு ஒரு தலைவர். கணக்கு எழுதும் அட்டை தலைவர் கையில்தான் இருக்கும். யாருக்கு எந்தப் பகுதி என்று முடிவு செய்வது நான். ஏழாம் பகுதியை டெஸ்மண்ட் கில்யார்டுக்குக் கொடுத்தேன். புதருக்குள் ஒரு சின்னக் கீச்சு கேட்டால் போதும், என்ன பறவை என்று சொல்லிவிடுவார். எங்கள் பறவைச் சங்கத்தில் அப்படிப்பட்ட காது வேறு யாருக்கும் இல்லை.

மறுநாள் அவரிடமிருந்து போன் வந்தது.

"லோர்னா, ஏழாம் பகுதி பூரா வீடுங்க. ஒவ்வொரு வேலிக்கு மேலயும் பைனாகுலரை நீட்டணும். நான் கறுப்பன், ஞாபகம் இருக்கா?"

"எனக்கு நிறமெல்லாம் கண்ணுலயே படாது, டெஸ்மண்ட்."

"வாத்து இறக்கையில இருக்கிற பச்சைக் கோட்டை அரை மைல்லருந்து பார்த்துச் சொல்றீங்க. என் நிறம் மட்டும் படாதாக்கும்!"

எனக்குச் சுருக்கென்றது. சிரித்துச் சமாளித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"போன வருஷம் ஒரே காலையில மூணு பேர் நிறுத்தி, யார் நீன்னு கேட்டாங்க. இந்த வருஷமும் அப்படின்னா நான் சங்கத்தை விட்டு விலகிடுறேன். பறவை பார்க்கத்தான் வர்றேன், பதில் சொல்ல இல்ல."

ஒன்பது வருட நட்பு. மூன்று பேர் நிறுத்திய கதையை நான் அன்றுதான் கேட்கிறேன். "நானும் கூட வரேன்" என்றேன்.

சனிக்கிழமை காலை எட்டு மணி. நாலாவது வீட்டுத் தோட்டத்தில் தொங்கிய தீனிக் கூண்டில் நீலத்தலை, சிவப்பு வயிறு, பச்சை முதுகு. பெயின்டட் பன்ட்டிங்! குளிர்காலத்தில் எங்கள் ஊரில் அது தங்குவதே அபூர்வம். டெஸ்மண்ட் பைனாகுலரைத் தூக்கினார். அதற்குள் கதவு திறந்தது.

"ஏய், யாரு நீ? என் வீட்டை என்ன நோட்டம் பார்க்கிற?" காபிக் கோப்பையோடு வீட்டுக்காரர்.

நான் பாய்ந்து குறுக்கே போனேன். டெஸ்மண்ட் கையிலிருந்த அட்டையைப் பிடுங்கி உயர்த்திக் காட்டினேன். "பறவைக் கணக்கெடுப்பு சார்! கவலைப்படாதீங்க, இவர் என்கூட வந்தவர்."

"அப்படியா மேடம், அப்போ சரி" என்று அவர் உள்ளே போய்விட்டார். பன்ட்டிங்கும் பறந்துவிட்டது. பெரிய காரியம் சாதித்த மிதப்பில் நான் நடந்தேன்.

இரண்டு வீடு தாண்டி டெஸ்மண்ட் நின்றார். "ஆறு வருஷமா அந்த ஆளுக்குத் தபால் கொடுக்கிறது நான்தான். சீருடையில இருந்தா குட்மார்னிங். இன்னிக்கு மூஞ்சியே தெரியல. அது அவர் பாடு. நீங்க என்ன சொன்னீங்க?"

"உங்களுக்காகத்தானே பேசினேன்!"

"என்கூட வந்தவர்னீங்க. சின்னப் பிள்ளையைக் கைபிடிச்சுக் கூட்டிட்டு வந்த மாதிரி. இங்க யார் தலைவர்? அட்டை யார் கையில இருக்கு?"

குனிந்து பார்த்தேன். என் கையில். வெட்கம் பிடுங்கித் தின்றது. விளக்கம் சொல்ல வாயைத் திறந்து, அப்படியே மூடிக்கொண்டேன்.

அப்போதுதான் போலீஸ் கார் வந்து நின்றது. தெருவில் யாரோ போன் செய்திருக்கிறார்கள். இறங்கிய இளம் அதிகாரி டெஸ்மண்டைத் தாண்டி என்னிடம் வந்தார்.

"மேடம், ஒண்ணும் பிரச்சினை இல்லையே?"

நாக்கு துறுதுறுத்தது. ஆனால் அட்டையை டெஸ்மண்டிடம் நீட்டினேன். "என்னைக் கேக்காதீங்க, ஆபீசர். இந்தப் பகுதிக்குத் தலைவர் டெஸ்மண்ட் கில்யார்ட். நான் அவர்கூட வந்தவ."

சொல்லிவிட்டு அவருக்குப் பக்கத்தில் போய் நின்றேன். முன்னால் அல்ல, பக்கத்தில். டெஸ்மண்ட் நிதானமாகப் பேசினார். நான்கு நிமிடம். என் மண்டைக்குள் ஐம்பது வாக்கியம் முட்டியது, ஒன்றைக்கூட வெளியே விடவில்லை.

அதிகாரி மறுபடி என் பக்கம் திரும்பினார். "அப்படித்தானா மேடம்?"

"அவர்தான் சொல்லிட்டாரே" என்றேன்.

அதிகாரியின் முகம் சிவந்தது. "மன்னிச்சிருங்க, மிஸ்டர் கில்யார்ட்" என்று காரில் ஏறினார்.

காபிக் கோப்பைக்காரர் வேலியோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "அடக் கடவுளே, நம்ம தபால்கார டெஸ்மண்டா நீங்க?"

"நானேதான், மிஸ்டர் ஹோல்கம். உங்க கூண்டுக்கு ஒரு அபூர்வப் பறவை வருது. அது திரும்பி வர்ற வரைக்கும் இங்கதான் நிப்போம்."

கேள்வியாகக் கேட்கவில்லை, சொன்னார். இருபது நிமிடத்தில் பன்ட்டிங் வந்தது. டெஸ்மண்ட் தன் கையாலேயே எழுதினார்: ஒன்று.

மாலை விருந்தில் எல்லாப் பகுதிக் கணக்கையும் வழக்கமாக நான்தான் வாசிப்பேன். அன்று உட்கார்ந்துவிட்டேன். அந்தந்தத் தலைவரே வாசித்தார்கள். "பெயின்டட் பன்ட்டிங், ஒண்ணு" என்று டெஸ்மண்ட் சொன்னதும் கூரை பிய்ந்துபோகிற மாதிரி கைதட்டல். அடுத்த வருடப் பகுதிகளையும் நான் பிரித்துக் கொடுக்கவில்லை. பகுதி எண்களை மட்டும் எழுதிய தாளைச் சுற்றுக்கு விட்டு, வேண்டியதை அவரவரே எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். டெஸ்மண்ட் எழுதுவாரா, மாட்டாரா என்று தாள் கைமாறுவதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

தாள் திரும்பி வந்தது. ஏழாம் பகுதிக்கு நேரே டெஸ்மண்டின் குண்டுக் கையெழுத்து:

'தலைவர்: டெஸ்மண்ட் கில்யார்ட். கூட வருபவர்: லோர்னா பிரூவிட். அட்டையைத் தொடக் கூடாது.'