இலையில் நிற்காத தண்ணீர்

பேராசிரியருக்காக யாரும் கைதட்டி அவர் பார்த்ததில்லை. வகுப்பில் ஒருமுறை தட்டினார்கள். மணி அடித்துவிட்டதே என்கிற சந்தோஷத்தில். அதனால், ஆராய்ச்சிச் செலவைக் குறைக்க அரசு அமைத்த குழுவில் தனக்கும் ஒரு நாற்காலி என்று தெரிந்ததும் மனிதருக்குக் கால் தரையில் பாவவில்லை. ஆளுங்கட்சிக்காக இருபது வருடம் பாடுபட்டது வீண்போகவில்லை என்று மனைவியிடம் சொன்னார். பாடு என்றால் வேறொன்றுமில்லை, கூடத்து சோபாவில் உட்கார்ந்து மச்சானோடு போட்ட வாய்ச்சண்டைதான்.

மச்சான், மனைவியின் தம்பி. எதிர்க்கட்சிக்காரர். போதாக்குறைக்கு, பேராசிரியரின் ஆய்வுக்கூடத்திலேயே பதினோரு வருடமாக உதவியாளர். நிரந்தர வேலை கிடையாது. திட்டம் ஓடுகிற வரைக்கும் வேலை. திட்டம் நின்றால் வீட்டில் உட்கார வேண்டியதுதான்.

"ஆராய்ச்சியில கைவைக்கிறதுக்குப் பேரு சிக்கனமா அத்தான்?" என்று அவர் ஞாயிற்றுக்கிழமை தேநீரோடு ஆரம்பித்தார்.

"குப்பையைக் கூட்டுறதுக்குப் பேரு சிக்கனம் மச்சான். கண்டதுக்கெல்லாம் ஆராய்ச்சின்னு பேர் வச்சா நாடு உருப்படுமா?"

"எது குப்பைன்னு யாரு சொல்றது?"

"விஷயம் தெரிஞ்சவங்க சொல்வாங்க" என்று பேராசிரியர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார்.

குழுவின் தலைவர் சிமெண்ட் ஆலையில் மேலாளராக இருந்து ஓய்வுபெற்றவர். முதல் நாளே, ஆராய்ச்சிக்காரர்கள் வைக்கிற தலைப்புகளைப் படித்தால் தனக்கு மயக்கம் வருகிறது என்று கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டார். அப்போதுதான் பேராசிரியர் ஒரு யோசனை சொன்னார். குழுவின் எழுத்தர் ஒவ்வொரு கூடமாகப் போய், "இங்க என்ன பண்றீங்க?" என்று கேட்டு, பதிலை ஒரே வரியில் எழுதிவர வேண்டும். யாருடையது, எந்த ஊர் என்பதெல்லாம் குழுவின் கண்ணில் படக்கூடாது. பட்டால் பாரபட்சம் வந்துவிடும். யோசனையைத் தலைவர் மெச்சினார். அன்று முழுக்க பேராசிரியர் தம்மைத் தாமே மெச்சிக்கொண்டிருந்தார்.

ஒரு மாதம் கழித்து ஒற்றை வரிகள் வந்து சேர்ந்தன. எழுத்தர் வாசிக்க வாசிக்க, குழு சிலதை வைத்துக்கொண்டது, சிலதை வெட்டியது. நாற்பத்து மூன்றாவது வரி இது: 'இலை மேல் தண்ணீரைச் சொட்டவிட்டு, அது எப்போது கீழே விழுகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பது.'

பேராசிரியருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "தண்ணி கீழதான் விழும்னு எங்க வீட்டுக் குழாய்க்கே தெரியும் சார்!"

தலைவருக்குத் தேநீர் புரையேறியது. அறையே கைதட்டியது. பேராசிரியர் அடக்கமாகத் தலைகுனிந்தார். சத்தம் ஓயும்வரை நிமிரவேயில்லை. "அதையே காரணம்னு எழுதிக்கோப்பா" என்றார் தலைவர், கண்ணைத் துடைத்துக்கொண்டே. மறுநாள் பத்திரிகையில் அந்த வாக்கியம் கட்டம்கட்டி வந்தது. பேராசிரியர் கட்டம் மேலே தெரியும்படி பத்திரிகையை மடித்து, மச்சானின் கண்ணில் படுகிற இடமாகப் பார்த்து வைத்தார்.

பத்து நாள் கழித்து ஆய்வுக்கூடத்துக்கு ஒரு கடிதம் வந்தது. பிரித்துப் படித்தது மச்சான்தான்.

"அத்தான், நம்ம திட்டத்தை நிறுத்திட்டாங்க. இந்த மாசக் கடைசியோட."

"நம்ம திட்டத்தையா? எந்த மடையன் பண்ண வேலை இது?"

மச்சான் கடிதத்தை நீட்டினார். காரணம் என்ற இடத்தில் வீட்டுக் குழாய் இருந்தது.

"இது நம்மளது இல்லையே! நம்மளது 'இலைப்பரப்பின் நுண்கட்டமைப்பில் நீர்த்துளியின் தொடுகோண மாறுபாடு' ஆச்சே!"

"அதேதான். நீங்க குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தப்ப எழுத்தர் வந்தாரு. என்ன பண்றீங்கன்னு கேட்டாரு. பதினோரு வருஷமா எதைப் பண்றேனோ அதைச் சொன்னேன்."

"எதுக்குன்னு சொல்ல வேண்டாமா?"

"அவரு எதுக்குன்னு கேக்கலையே. ஒரு வரிக்கு மேல எழுத உத்தரவில்லைன்னாரு. யாரு போட்ட உத்தரவோ!"

பேராசிரியர் முக்காலியில் உட்கார்ந்தார். பயிருக்கு அடிக்கிற மருந்தில் பாதி இலையில் தங்காமல் உருண்டு மண்ணுக்குப் போகிறது. துளியை இலையில் நிற்கவைத்துவிட்டால் பாதி மருந்து போதும். வீணாவதைத் தடுக்கிற ஆராய்ச்சியை, வீண் என்று சொல்லித் தன் வாயாலேயே மூடியிருக்கிறார். எதிர்க்கட்சிக்காரன்கூட இவ்வளவு சுத்தமாகச் செய்திருக்க மாட்டான்.

"வெள்ளிக்கிழமை எங்க கட்சிக் கூட்டம்" என்றார் மச்சான். "இதை மேடையில சொன்னா கைதட்டு அடங்க அரை மணி நேரம் ஆகும். ஆனா வீட்டுல ரெண்டு பிள்ளைங்க படிக்குது. கைதட்டைக் கொண்டுபோயா பள்ளிக்கூடத்துல கட்டுறது? வியாழக்கிழமைக்குள்ள நீங்களே போய்ச் சொல்லி, திட்டத்தை மீட்டுக்கிட்டு வாங்க."

வீட்டில் மனைவி அதைவிடச் சுருக்கமாகச் சொன்னாள். "போயிட்டு வந்துடுங்க. இல்லேன்னா வெள்ளிக்கிழமை அவன் கூட்டத்துல முன்வரிசையில நான் இருப்பேன்."

வியாழக்கிழமை பேராசிரியர் அதே மேசைக்கு எதிர்ப்பக்கம் நின்றார். அவருடைய நாற்காலி காலியாக அவரையே பார்த்தது. "தொடுகோணம் தொண்ணூறு டிகிரியைத் தாண்டும்போது..." என்று தொடங்கினார். தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். பேராசிரியர் அந்த வாக்கியத்தை அங்கேயே கைவிட்டார். பையிலிருந்து ஒரு முட்டைக்கோஸ் இலையை எடுத்து, தலைவருக்குப் பக்கத்தில் போய்ச் சாய்த்துப் பிடித்துத் தண்ணீர் சொட்டினார். துளிகள் கோலிக்குண்டாக உருண்டு தலைவரின் மடியில் விழுந்தன.

"யோவ்! விழுந்துடுச்சேய்யா!"

"விழக் கூடாது சார். அதுக்குத்தான் ஆராய்ச்சி. இது மருந்தா இருந்தா உங்க பேன்ட்ல ஒரு பூச்சி மிஞ்சாது. கோஸ்ல இருக்கிறது மட்டும் சௌக்கியமா இருக்கும்."

முதலில் சிரித்தது எழுத்தர். தலைவர் கைக்குட்டையால் தொடையை ஒற்றிக்கொண்டே கேட்டார்: "இவ்வளவு விஷயம் இருக்கே, அப்புறம் ஏன் அன்னிக்கு அப்படிச் சொன்னீங்க?"

பழியை எழுத்தர் மேல் போடலாம், ஒற்றை வரி மேல் போடலாம், மச்சான் மேல் போடலாம். மூன்றும் நாக்கு நுனிவரை வந்தன. ஒற்றை வரி யாருடைய யோசனை என்பது ஞாபகம் வந்தது.

"என் ஆராய்ச்சின்னு எனக்கே தெரியல சார். நீங்க வேற சிரிச்சிட்டீங்க."

"எழுதிக் கொடுங்க."

'மேற்படி திட்டம் என்னுடையது என்று எனக்குத் தெரியாததால், அது தேவையற்றது என்று கூறினேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். தலைவர் ஒரே தடவை படித்தார், மயக்கம் வரவில்லை. முப்பது வருட எழுத்தில் முதல் வாசிப்பிலேயே பிறருக்குப் புரிந்த வாக்கியம் அதுதான்.

திட்டத்தை இன்னும் ஒரு வருடத்துக்கு நீட்டித்தார்கள். பேராசிரியர் கதவருகே போனபோது தலைவர் கூப்பிட்டார். "ஒரு சின்ன விஷயம். குழுவுலயும் ஆளைக் குறைக்கச் சொல்லி மேலேருந்து உத்தரவு. யாரைன்னுதான் குழம்பிக்கிட்டிருந்தோம்." எழுத்தர் அதற்குள் காலி நாற்காலியைச் சுவரோரமாக நகர்த்திவிட்டிருந்தார்.

வீட்டில் விவரம் கேட்ட மச்சான், வேலை நிலைத்த நிம்மதியில் சோபாவில் சாய்ந்தார். "எப்படியோ, உங்க குழு ஒரே ஒரு வீண் செலவையாவது கண்டுபிடிச்சிடுச்சு அத்தான்."

பேராசிரியருக்குக் கட்சியை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

"பார்த்தியா மச்சான்? எங்க ஆட்சியில சொன்னதைச் செய்றாங்க."