இரண்டு சீட் வண்டியில் மூன்று பேர்

1

இந்தக் கதை ஒரு பள்ளத்திலிருந்து வந்தது. பெரிய பள்ளமில்லை. ஓர் இரும்புக் குழாயின் நடுவில், கட்டைவிரல் நகத்தை வைத்தால் நிரம்பிவிடும் அளவு.

கோயமுத்தூர் கணபதியில், இரும்பு வார்க்கும் ஒரு பவுண்டரிக்கு வேறு வேலையாகப் போயிருந்தேன். கொட்டகை மூலையில் தார்ப்பாய் மூடிய ஒரு கார். காற்றில் தார்ப்பாய் விலகியபோது முன்பக்கம் தெரிந்தது. சிவப்பு வண்டி, கூரை கிடையாது, பின்சீட் கிடையாது, இரண்டே சீட். முன்னால் பம்பருக்குப் பதில் கனமான குழாய். அதில்தான் அந்தப் பள்ளம்.

"எங்காச்சும் முட்டினதுங்களா?" என்று கேட்டேன்.

"புளியமரத்துலீங்க" என்றார் அங்கே நின்றவர். "ஓனரோட பாப்பா அதுலதான் தவறிப்போச்சுங்க."

எனக்கு அது விளங்கவில்லை. முன்பக்கம் முழுக்க நசுங்கிக் கிடந்திருந்தால் ஐயோ என்று சொல்லிவிட்டு வந்திருப்பேன், கதையும் வந்திருக்காது. வண்டிக்கு நகமளவு காயம், குழந்தைக்கு உயிர் போயிருக்கிறது. இந்தக் கணக்கு எப்படி நேராகும்?

இதற்கு மேல் வருவதெல்லாம் என் கற்பனை. பெயர்கள் நான் வைத்தவை. அந்த வீட்டாரை நான் பார்த்ததுகூட இல்லை.

2

முதல் தொடக்கம்: அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் மருதமலைக்கு மேலே வானம்—

(அடித்துவிட்டேன். வானத்துக்கு இந்தக் கதையில் வேலையில்லை.)

இரண்டாவது: திருமலைசாமி ஒரு வேகப் பைத்தியம். ஆக்ஸிலேட்டரில் கால் வைத்தால்—

(இதையும் அடித்தேன். அவரை வேகப் பைத்தியமாக்கினால் நாம் எல்லோரும் தப்பித்துக்கொள்வோம். "வேகமாகப் போனான், பட்டான்" என்று புத்தகத்தை மூடிவிடலாம். அவர் மெதுவாக ஓட்டுகிறவர். அப்படியே இருக்கட்டும்.)

மூன்றாவது:

திருமலைசாமிக்கு இரும்பைத் தெரியும். அவர் பவுண்டரியில் மோட்டார் பம்புக்கான மேல்கூடுகளை வார்ப்பார்கள். வாங்க வருகிறவர் முன்னால் ஒரு கூட்டைத் தோளுயரத்துக்குத் தூக்கி சிமெண்டுத் தரையில் போடுவார். விரிசல் விடாவிட்டால் நல்ல சாமான். அப்பா காலத்திலிருந்து அதுதான் பரீட்சை. நல்லது என்றால் அவருக்கு உடையாதது.

ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைத் தன் கையாலேயே கட்டிப் பார்க்க ஆசைப்பட்டார். கோயமுத்தூரில் இது அதிசயமில்லை, நாலு லேத் இருக்கிற தெருவில் ஒருவருக்காவது இந்த ஆசை இருக்கும். பழைய கார் ஒன்றின் இன்ஜினை வைத்து, இரண்டு சீட் பொருத்தி, உக்கடத்துப் பழைய சாமான் கடையில் இரண்டு பெல்ட் வாங்கிப் போட்டார். முன்பக்கத்துக்கு மட்டும் தகரத்தை அவர் நம்பவில்லை. போர்வெல்லுக்கு இறக்கும் குழாயை வளைத்து, வண்டியின் அடிச்சட்டத்தோடு சேர்த்து வெல்டிங் வைத்தார். "லாரியே மோதட்டும், லாரிக்குத்தான் செலவு" என்று சொல்லிக்கொண்டார்.

வண்டி வெளியே வந்த அன்று மகள் தேஜாவுக்கு நாலு வயது. மனைவி கஸ்தூரி வண்டியைச் சுற்றி வந்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"ஏனுங்க, பாப்பா எங்கீங்க உக்காரும்?"

"உன்ற மடி இருக்குதல்ல அம்மணி."

"பெல்ட்டு?"

"நீ போட்டுக்க. பாப்பாவைக் கெட்டியாப் புடிச்சுக்க."

(இவர்கள் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். அந்தக் கடைசி வாக்கியத்தை அவர் தெலுங்கில்தான் சொல்லியிருப்பார். எந்த மொழியில் சொல்லியிருந்தாலும் நம் ஊர் அப்பாக்கள் எல்லோரும் சொல்கிற வாக்கியம்தான்.)

ஒரு ஞாயிற்றுக்கிழமை மூவரும் அதில் போனபோது, பல்லடம் ரோட்டில் முன்னால் போன கோழி வண்டி சட்டென்று நின்றது. திருமலைசாமி பிரேக்கை மிதித்துக்கொண்டே இடதுபக்கம் ஒடித்தார். புளியமரம். முட்டும்போது வேகம் முப்பது இருக்கலாம். இறக்கத்தில் சைக்கிள் போகிற வேகம். கஸ்தூரிக்குப் பெல்ட் அழுத்திய இடத்தில் கன்றிப்போனது. அவருக்கு நெற்றியில் ஒரு வெட்டு. தேஜா

தேஜா அம்மாவின் கையிலிருந்து

(மூன்று தடவை எழுதிப் பார்த்தேன். இவ்வளவுதான் வருகிறது. உங்களுக்குத் தெரியும்.)

3

இப்போது கஸ்தூரி. கதையின் பாரம் முழுக்க இவள்மேல்தான், அதனால் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

இரண்டு வருடம் கழித்து இன்னொரு பெண் பிறந்தாள், ஹாரிகா. கஸ்தூரி அவளுக்குப் பாலூட்டினாள், குளிப்பாட்டினாள், சோறு ஊட்டினாள். தூக்கவில்லை. பாயில் பக்கத்தில் படுத்துக்கொண்டே பால் கொடுப்பாள். தொட்டிலில் போடுவதும் எடுப்பதும் திருமலைசாமி, இல்லாவிட்டால் வீட்டுவேலை செய்யும் காளியாத்தாள். குழந்தை நிற்கப் பழகியது. அம்மாவின் முன்னால் வந்து இரண்டு கையையும் மேலே தூக்கும். கஸ்தூரி அதன் முன்னால் தரையில் உட்கார்ந்துகொள்வாள்.

ஒருநாள் காளியாத்தாள் கேட்டேவிட்டாள்.

"ஏனுங்க அம்மணி, பெத்த புள்ளைய எடுக்கறதுக்கு என்னுங்க? நான் என்ன நீங்க வாடகைக்கு எடுத்த கிரேனுங்களா?"

"நீ எடு காளியாத்தா. உன்ற கை நல்ல கை."

"உங்க கைக்கு என்ன கேடு?"

கஸ்தூரி வாசலுக்கு அந்தப் பக்கம், வீட்டை ஒட்டிய பவுண்டரிக் கொட்டகையில் தெரிந்த தார்ப்பாயைப் பார்த்தபடி சொன்னாள். "வண்டியப் பாத்தீல்ல? ஒண்ணும் ஆகலை. அப்ப அடி சின்ன அடிதானே? சின்ன அடிக்கே உட்டுப்போட்டேன் நானு. கெட்டியாப் புடின்னாரு. நான் புடிக்கலை."

பக்கத்து அறையில் இருந்த திருமலைசாமிக்கு இது கேட்டது.

(எழுதுகிறவனாக இங்கே எனக்குப் பெரும் சந்தேகம் வந்தது. இவர் ஏன் ஓடிவந்து "உன் தப்பில்லை" என்று சொல்லவில்லை? முதல் பிரதியில் ஓடிவரச் செய்தேன். கஸ்தூரி நம்பவில்லை. தப்பில்லை என்று எல்லோரும்தான் சொல்லியிருப்பார்கள். அவளிடம் சாட்சி இருக்கிறது: அந்த நகமளவு பள்ளம். சாட்சியை உடைக்காமல் தீர்ப்பை மாற்ற முடியாது. அவருக்கும் அந்தப் பள்ளம் நெடுநாள் விளங்கவில்லை.)

விளங்கிய இடம் பவுண்டரி. ஒரு மத்தியானம் சங்கிலி நழுவி, மேலே தொங்கிய பம்புக்கூடு ஒன்று வார்ப்புக்கு அச்சுப் பிடிக்கும் மணல் குவியலில் விழுந்தது. சிமெண்டுத் தரையில் விழுந்திருந்தால் இவ்வளவு உயரத்துக்கு அது நிச்சயம் இரண்டாகியிருக்கும். மணலில் பாதி புதைந்து முழுசாக நின்றது. திருமலைசாமி அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கொட்டகைக்குப் போய்த் தார்ப்பாயை விலக்கிக் குழாயைத் தொட்டுப் பார்த்தார். பிறகு மூடினார்.

விடை கிடைத்துவிட்டது. அன்றிலிருந்து அவர் வாயைத் திறக்கவில்லை. அந்த விடையில் கஸ்தூரியின் கை இல்லை, அவருடைய குழாய் இருந்தது.

4

வாசகரே, கதையைக் கொஞ்சம் நிறுத்திவிட்டு விளக்குகிறேன். எனக்கு இதில் ஆசை அதிகம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஓடுகிற வண்டி நிற்க ஓர் இடம் வேண்டும். முன்பக்கம் ஒரு முழம் நசுங்கினால், அந்த ஒரு முழத் தூரத்தில் வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டிவிட்டு நிற்கும். நசுங்கவே மறுத்தால் நாலு விரற்கடையில் நின்றாக வேண்டும். அதே வேகம்தான், நிற்கிற தூரம் குறையக் குறைய அடி பெருகுகிறது. பள்ளம் சின்னதாக இருந்தது அடி சின்னது என்பதற்கு அடையாளமல்ல. அடி பெரிது என்பதற்கு அதுவே அடையாளம். கஸ்தூரி சாட்சியைத் தலைகீழாகப் படித்துவிட்டாள்.

பெல்ட் போட்டவர் வண்டியோடு நிற்பார். மடியில் இருக்கிற குழந்தைக்கு வண்டி நின்ற செய்தியே தெரியாது; அது முப்பது கிலோமீட்டரில் போய்க்கொண்டேயிருக்கும். தடுக்க வேண்டியது இரண்டு கைகள். அந்தக் குழாய் வைத்த வண்டியில், நாலு வயதுக் குழந்தை அந்தக் கணத்தில் பத்து மூட்டை சிமெண்டுக்கு மேல் கனக்கும். சரி, குழாய் இல்லாமல் நன்றாக நசுங்குகிற வண்டி என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் இரண்டு மூட்டை. கண் இமைப்பதற்குள் வந்து விழுகிற இரண்டு மூட்டை சிமெண்டை யார் பிடிப்பார்?

நான் தேஜாவை வேறு இடங்களில் உட்கார வைத்துப் பார்த்தேன். எழுதுகிறவனுக்கு அந்தச் சலுகை உண்டே.

அப்பா மடியில் வைத்தேன். ஸ்டியரிங்குக்கும் அப்பாவுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டாள். சீட்டுக்குப் பின்னால் பை வைக்கும் பலகையில் வைத்தேன். கட்டாத பையைப் போலவே முன்னால் வந்தாள். அம்மாவையும் அவளையும் ஒரே பெல்ட்டில் கட்டினேன். அம்மாவின் மொத்தக் கனமும் குழந்தைமேல் வந்து

(போதும்.)

5

விலைக்குக் கேட்டு ஆள் வருகிறார். பெருந்துறையில் ரைஸ்மில் வைத்திருக்கும் அரங்கசாமி. பேச்சில் குறை வைக்காதவர்.

தார்ப்பாயை எடுத்ததும் குழாயைத் தட்டிப் பார்த்தார். "மரத்துல முட்டியும் இவ்வளவுதானுங்களா? இது வண்டி இல்லீங்க, ஆனை."

திருமலைசாமி தார்ப்பாயை மடித்து ஓரமாக வைத்தார்.

"ஒண்ணே ஒண்ணுங்க. என்ற பேத்திக்கு மூணு வயசு. அவ ஏறாம எங்கூட்டுல ஒரு வண்டி நகராது. சீட்டோ ரெண்டுதான். மடில வெச்சுட்டுப் போலாமுங்களா?"

கஸ்தூரி அப்போதுதான் காபி எடுத்துக்கொண்டு கொட்டகை வாசலுக்கு வந்திருந்தாள். கேள்வி அவள் காதிலும் விழுந்தது.

(இந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டுக் காத்திருந்தேன். "போலாமுங்க" என்றால் வண்டி விற்றுவிடும். "வேண்டாமுங்க" என்றால் இன்னொரு பேத்தி பிழைப்பாள், கஸ்தூரி அப்படியே இருப்பாள். மூன்றாவது பதில் ஒன்றிருக்கிறது. அதைச் சொன்னால் அவர் வீட்டில் அவர் யாராக மீதியிருப்பார் என்று தெரியாது.)

"காளியாத்தா, ரெண்டு முட்டை கொண்டா" என்றார் திருமலைசாமி.

"ஆம்லெட்டுங்களா? நான் இன்னைக்குச் சைவமுங்க, சனிக்கிழமை" என்றார் அரங்கசாமி.

(மகளைப் பறிகொடுத்தவர் முட்டையை வைத்து வித்தை காட்டுவாரா? எனக்கே உறுத்துகிறது. ஆனால் இவருக்குச் சாமானைக் காட்டித்தான் பேசத் தெரியும். விட்டுவிடுகிறேன்.)

ஒரு முட்டையைத் தோளுயரத்தில் பிடித்து, வண்டியின் குழாய்மேல் விட்டார். சிதறி வழிந்தது. அதே உயரத்திலிருந்து இன்னொன்றைப் பக்கத்தில் கிடந்த அச்சு மணலில் விட்டார். பாதி புதைந்து நின்றது.

"ஒரே உசரமுங்க, ஒரே வேகம். மணலு உள்ள போயி எடம் குடுத்துது. இந்தக் குழாய் எடம் குடுக்கலை."

"அப்ப வண்டி நசுங்கோணும்ங்கறீங்களா?"

"வண்டி நசுங்கலைன்னா உள்ள இருக்கறவங்க நசுங்கோணுமுங்க. உடையக்கூடாதுன்னு கட்டினேன். உடையலை." அவர் அரங்கசாமியைப் பார்த்துத்தான் பேசினார். "மடி கேட்டீங்களே. மொட்டைமாடில இருந்து வுழுகற பாப்பாவைக் கீழ நின்னு புடிக்கறதும் இதுவும் ஒண்ணுங்க. பயில்வானாலயும் முடியாது. நான் கெட்டியாப் புடிச்சுக்கன்னு சொல்லிப்போட்டேன். யாராலயும் புடிக்க முடியாததைப் புடின்னு சொல்லிப்போட்டேனுங்க."

அரங்கசாமி காபியை வாங்கிக்கொள்ளவில்லை. "வாரேனுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு மெல்லப் போனார்.

கஸ்தூரியின் கையிலிருந்த டம்ளரில் ஆடை படிந்தது. கடைசியில் பேசினாள்.

"மணல்ல இருக்கற முட்டைய எடுங்க. காக்கா கொத்தும்."

6

முடிவுகள்.

ஒன்று: அன்று சாயங்காலம் ஹாரிகா வந்து கையைத் தூக்கினாள். கஸ்தூரி குனிந்தாள், தூக்கினாள், இடுப்பில் வைத்துக்கொண்டாள். (எழுதியதும் அழகாக இருந்தது. அதனால்தான் நம்பவில்லை.)

இரண்டு: "இத்தனை நாளு தெரிஞ்சும் சொல்லாம இருந்தீங்களா?" என்று கேட்டுவிட்டு, குழந்தையோடு உடுமலைக்கு அம்மா வீட்டுக்குப் போனாள். (நியாயமான கேள்வி. பஸ்ஸில் ஏறும்போது குழந்தையை யார் தூக்கினார்கள் என்று எழுத வேண்டி வந்தது, நிறுத்திவிட்டேன்.)

மூன்று: மறுநாள் காலையில் கொட்டகையில் கேஸ் கட்டிங் சத்தம் கேட்டது. திருமலைசாமி குழாயை அறுத்துக்கொண்டிருந்தார்.

எது நடந்தது என்று எனக்குத் தெரியாது. ஹாரிகா இப்போதும் தரையில் நின்று இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டிருக்கிறாள். அவள் எதிரே கஸ்தூரி. அடுத்த வாக்கியத்தை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள், என்னால் ஆகவில்லை.

நான் உறுதியாகத் தரக்கூடியது அரங்கசாமியின் கேள்விக்கான பதில் மட்டும்தான். பின்சீட் உள்ள வண்டி இருந்தால் சின்னக் குழந்தையை அதில் கூட்டிப்போங்கள், பின்சீட்டில், அதன் அளவுக்குச் செய்த தனி சீட்டில் கட்டி. இரண்டு சீட் வண்டிதான் என்றால், முன்னால் நசுங்குகிற வண்டியாக இருக்க வேண்டும். குழந்தையின் பக்கம் ஏர்பேக் என்கிற காற்றுப்பை இருந்து, அதை அணைக்க வழியில்லை என்றால் ஏற்றவே வேண்டாம். விரிகிற பை சின்ன உடம்பைக் கொல்லும். சீட்டைக் கடைசிவரை பின்னால் தள்ளி, குழந்தையின் உயரத்துக்கென்று செய்த தனி சீட்டை அதன்மேல் வண்டியின் பெல்ட்டால் அசையாமல் கட்டி, குழந்தையை அதற்குள் கட்ட வேண்டும். ஓட்டுகிறவர் ஒருவர், குழந்தை ஒன்று. மூன்றாவது ஆள் பஸ்ஸில் வரட்டும். மடி சீட் அல்ல. குழந்தையைப் பிடிக்க வேண்டியது வண்டி. கைகளால் முடியாது, யாருடைய கைகளாலும்.