கவிழ்த்து வைத்த தாள்

1

காலை பதினொன்றரைக்கு என் போன் அலறியது. இந்தக் கதை அங்கிருந்து வந்ததுதான். நானாக யோசித்துக் கண்டுபிடித்ததில்லை.

அழைத்தவன் பாண்டித்துரை. என் மனைவி சரசுவின் தம்பி. துபாயில், அல் கூஸ் பக்கம் ஓர் அச்சகத்தில் பேக்கிங் வேலை.

"அத்தான், டாக்ஸில போய்க்கிட்டிருக்கேன். போனை வெச்சிராதீங்க. ஏதாச்சும் பேசிக்கிட்டே இருங்க."

முக்கால் மணி நேரம் வெயிலில் நின்றாவது பஸ்ஸில்தான் போவான். அவன் டாக்ஸியில் போகிறான் என்றதுமே எழுதிக்கொண்டிருந்த தொடர்கதையை மூடி வைத்தேன்.

(பெயர்களை மாற்றிவிட்டேன். வேறு சிலவற்றையும் மாற்றியிருக்கிறேன். எவை என்று கேட்காதீர்கள்.)

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'மூசாவின் கண்களில் அவருடைய நாட்டின் போர் எரிந்துகொண்டிருந்தது. அந்த நெருப்பில்...'

நிறுத்திவிட்டேன். தொடர்கதைக்காரனின் கை அப்படித்தான் போகும். மூசாவின் கண்களை நான் பார்த்ததே இல்லை. பாண்டித்துரையைக் கேட்டால், "கண்ணா? கண்ணாடி போட்டிருப்பாரு அத்தான், அம்புட்டுதான்" என்கிறான்.

தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். மூசா அதே அச்சகத்தில் மெஷின் ஆபரேட்டர். சிரியாவிலிருந்து வந்த குர்து இனத்தவர். ஊரில் உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தது. அதற்கு நடுவே, அதுவரை ஒன்றையொன்று திட்டிக்கொண்டிருந்த சில குர்துக் கட்சிகள் கூட்டணி சேர்ந்து, சிரியா கூட்டாட்சி நாடாக வேண்டும் என்று ஓர் அறிக்கை எழுதின. (இந்தக் கூட்டணி என் கதைக்குள் மட்டும் இருப்பது. நிஜத்தில் தேடாதீர்கள்.)

துபாயில் இருந்த அந்தக் கட்சிக்காரர்கள் ஏழு பேரிடம் மூசா கையெழுத்து வாங்கினார். நாலு மாதம் அலைந்தார். யார் பெயர் மேலே வரவேண்டும் என்ற சண்டையிலேயே ஒரு மாதம் போயிற்று. கடைசியில் ஏழு கையெழுத்து, ஏழு போன் நம்பர், ஒரே தாள்.

வெளிநாட்டுக்காரன் துபாயில் கட்சி நடத்த முடியாது. அந்தத் தாள் தெரியாத கையில் கிடைத்தால் ஏழு பேருக்கும் விசா போய்விடும். திருப்பி அனுப்பப்பட்டால் இறங்குகிற இடம் போர்க்களம். மூசாவை அங்கே பட்டாளத்துக்கு வேறு கூப்பிட்டிருந்தார்கள், அவர் போகவில்லை.

பாண்டித்துரைக்கு அந்தத் தாளைப் பற்றித் தெரியும். ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் மூசாவே தன் உடைந்த இந்தியில் சொல்லியிருக்கிறார்.

"கூட்டாட்சின்னா என்ன பாய், தனி நாடா?"

"இல்ல பாய். நாடு ஒண்ணுதான். எங்க பக்கத்துக்கு எங்க சட்டசபை. எங்க பாஷையில பள்ளிக்கூடம்."

"அட, எங்க ஊர் மாதிரியா? எங்க சி.எம். தனி, டில்லி தனி. இதைக் கேக்கவா இம்புட்டுப் பயம்? நாங்க சலூன்ல உக்காந்து சத்தமா பேசுவோம்."

"அதான் பாய்," என்றாராம் மூசா. "நீ சத்தமா பேசுற. நான் மெதுவா பேசுறேன்."

3

தவறு நடந்தது இப்படி.

அன்று காலை மூசா பிரதி எடுப்பதற்காக அந்தத் தாளை அச்சகத்துக்குக் கொண்டுவந்தார். எடுத்து முடிக்கிற நேரத்தில் சூப்பர்வைசரின் காலடிச் சத்தம். பிரதிகளைப் பைக்குள் திணித்துக்கொண்டு, கையெழுத்துத் தாளை மேசையில் கவிழ்த்து வைத்தார். எழுத்து தெரியக்கூடாது, அவ்வளவுதான். சூப்பர்வைசர் அவரை வேறு மெஷினுக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டார்.

அந்த அச்சகத்தில் மேசைமேல் கவிழ்ந்து கிடக்கிற தாள் என்றால் கழிவு. மை சரியாக விழாத தாளையெல்லாம் அப்படித்தான் போடுவார்கள். பேக்கிங்காரன் எடுத்து, கட்டுகள் உரசாமல் இருக்க இடையில் வைப்பான்.

பாண்டித்துரை எடுத்தான். வைத்தான். டேப் ஒட்டினான். வேன் போய்விட்டது.

மூசா திரும்பி வந்து மேசையைப் பார்த்தார்.

"கவுத்திதானே கிடந்துச்சு பாய்?" என்று இவன் கேட்டிருக்கிறான்.

மூசா திட்டவில்லை. ஒரு காகிதக் கட்டின்மேல் உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தாராம்.

4

இந்த இடத்தில் பாண்டித்துரைமேல் எனக்குச் சந்தேகம் வந்தது. கதாபாத்திரமாகத்தான் சொல்கிறேன். இவன் ஏன் டாக்ஸி பிடித்து ஓட வேண்டும்? 'எனக்குத் தெரியாது' என்றிருக்கலாமே. 'நட்பு அவனை உந்தித் தள்ளியது' என்று எழுதிப் பார்த்தேன். பொய்போலத் தெரிந்தது. அவனையே கேட்டேன்.

"பேக்கிங் ஸ்லிப்புல எம் பேருதான் இருக்கு அத்தான்."  பிறகு, "அந்தாளு ஒரு வார்த்தை திட்டியிருந்தா நான் போயிருக்க மாட்டேன்" என்றான்.

எழுதியவரைக்கும் சரசு படித்தாள்.

"இதை அச்சுல போடப் போறீங்களா?"

"பேரெல்லாம் மாத்திட்டேனே."

"அந்த ஊர்ல தமிழ் படிக்கத் தெரிஞ்ச ஆளே இல்லியா? எம் தம்பி இன்னும் அங்கதான் இருக்கான்."

அதன்பிறகு இந்தக் கதையை ஒரு வருடம் தொடவில்லை. இப்போதும் ஒவ்வொரு வரியாக யாரையாவது காட்டிக்கொடுக்கிறேனோ என்று பார்த்துப் பார்த்துத்தான் எழுதுகிறேன். நீங்களும் மெதுவாகவே படியுங்கள்.

5

முடிவு அ: பார்சல் பிரிக்கப்படவே இல்லை. பாண்டித்துரை தாளை உருவிக்கொண்டு வருகிறான். மூசா அவனைக் கட்டிப்பிடித்து...

(வாசகர் கடிதம் நிறைய வரும். ஆனால் அப்படி நடக்கவில்லை.)

முடிவு ஆ: பார்சல் போன வீட்டின் கதவைத் திறப்பது போலீஸ்.

(அப்படியும் நடக்கவில்லை. நடந்திருந்தால் பயம் ஒரேயடியாக முடிந்திருக்கும்.)

6

ஏழு பேரும் பிறகு என்ன ஆனார்கள் என்பது எனக்குத் தெரியும். எழுத மாட்டேன். எழுதினால் யார் எங்கே என்று தெரிந்துவிடும். போனில் என் காதால் கேட்டதோடு நிறுத்திக்கொள்கிறேன். மிச்சத்தை முடிக்க வேண்டியது நீங்கள்.

துபாயின் கராமா பகுதியில் ஒரு ஃபிளாட். மகள் ஹர்ஷினியின் நடன அரங்கேற்றத்துக்கு அழைப்பிதழ் அச்சடித்த ஸ்ரீனிவாசன் வீடு. பாண்டித்துரை போனை அணைக்காமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். அழைப்பு மணி கேட்டது. கதவைத் திறந்தது அவர் மனைவி ஜெயலட்சுமி.

"பிரஸ்லேர்ந்தா? இன்விடேஷன் அப்போவே வந்துடுத்தேப்பா. பிரிண்ட் ரொம்ப நன்னா இருக்கு."

"அதுக்கில்லம்மா. கட்டுக்கு நடுவுல ஒரு பெரிய பேப்பர் தவறி வந்துருச்சு. அரபி மாதிரி எழுத்து..."

"ஓ, அதுவா? பத்திரமா வெச்சிருக்கேன். இரு."

செருப்புச் சத்தம் உள்ளே போய்த் திரும்பியது. தாள் சரசரத்தது. பாண்டித்துரை மூச்சை விட்டது எனக்குச் சென்னையில் கேட்டது. நானும் அப்போதுதான் விட்டேன்.

"ரொம்ப நன்றிம்மா. பெரிய உதவி. வரேம்மா."

"இதுல என்ன இருக்கு. கையெழுத்தெல்லாம் இருந்துதா, பாவம் யாரோ தொலைச்சுட்டு தேடிண்டிருப்பாளேன்னு தோணித்து. அதான் பேரும் போன் நம்பரும் தெளிவாத் தெரியற மாதிரி போட்டோ எடுத்து எங்க பில்டிங் வாட்ஸாப் குரூப்ல போட்டேன், எல்லாரும் ஷேர் பண்ணிண்டிருக்கா."