ரெண்டரை அடி

அக்கா வீட்டுப் படிக்கட்டுக்குத் தச்சர் கைப்பிடி செய்வது இது இரண்டாவது முறை. முதல் முறை செய்தபோது அவருக்கு இருபத்திரண்டு வயது. தொழில் கற்று முடித்துத் தனியாக எடுத்த முதல் வேலை. அதில் அவர் செய்த தப்பைத் தச்சு தெரிந்த யாரிடம் சொன்னாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். முதல் படியிலிருந்து கடைசிப் படி வரை தரையோடு தரையாக அளந்துவிட்டார். கைப்பிடி என்ன தரையிலா படுத்துக் கிடக்கிறது? சாய்ந்து அல்லவா ஏறுகிறது! சாய்வு எப்போதும் தரையைவிட நீளம். மரத்தை அறுத்து, இழைத்து, தூக்கி வைத்துப் பார்த்தால் கீழே இரண்டரை அடி காணவில்லை.

"என்ன மச்சான், மிச்சத்தை எல்லாரும் குதிச்சுக் கடக்கணுமா?" என்றார் அக்காவின் கணவர். அன்றிலிருந்து தச்சருக்குப் பெயர் 'ரெண்டரை'. அக்காவும் அதையே பிடித்துக்கொண்டாள்.

வேறு வழியில்லாமல் ஒரு துண்டை ஒட்டினார். இரண்டும் வேறு வேறு மரம். மழைக்காலத்தில் ஒன்று ஊதும், இன்னொன்று அசையாது. ஒரே வருடத்தில் ஒட்டிய இடத்தில் நகம் தட்டும் அளவுக்கு ஒரு விளிம்பு எழுந்துவிட்டது. அதைச் சரிசெய்ய அத்தான் விடவேயில்லை. காலையில் அவர் இறங்கும்போது மோதிரம் அந்த விளிம்பில் 'டக்' என்று இடிக்கும். அடுப்படியில் அக்கா அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் டீயை வடிகட்டுவாள்.

அத்தான் போய் ஏழு வருடமாகிறது. முப்பத்தாறு வருடமாகத் தச்சர் அந்தப் படியில் முகத்தைத் திருப்பிக்கொண்டேதான் ஏறி இறங்கினார். அதனால், "மாமா, கைப்பிடியைக் கரையான் தின்னுடுச்சு" என்று அக்கா மகன் போனில் சொன்னதும் உள்ளூர அவருக்கு ஒரு சந்தோஷம்.

அவன் இன்னொன்றும் சொன்னான். "அம்மாவுக்குப் பார்வை ரொம்பக் குறைஞ்சிடுச்சு மாமா. ஓரம் மட்டும் மங்கலா தெரியுதாம். கட்டிலைக் கீழே ஹால்ல போடலாம்னா கேக்க மாட்டேங்கிறாங்க. புதுக் கைப்பிடி போட்ட பிறகும் ஒரு தடவை தடுமாறினா, கட்டில் கீழேதான். அவங்களே ஒத்துக்கிட்டாங்க."

அக்காவிடம் கேட்டார். "மேலே நான் வீட்டுக்காரிடா. ஜன்னல் என் இஷ்டம், ரேடியோ என் இஷ்டம். ஹால்ல கிடந்தா, சிலிண்டர் போட வர்றவன்கூட நான் குறட்டை விடுறதைக் கேட்டுட்டுப் போவான்" என்றாள்.

நான்கு மரக்கடை ஏறி இறங்கிப் பதினாலரை அடியில் ஒரே மரமாக வாங்கிவந்தார் தச்சர். கொல்லையில் வைத்து வேலையைத் தொடங்கினார். சதுரச் சட்டத்தை உருட்டையாக்குவது லேசு என்று நினைப்பவர்கள் உண்டு. எடுத்த எடுப்பில் உருட்டப் போனால் கைப்பிடி உருளைக்கிழங்கு மாதிரி ஆகிவிடும். முதலில் நான்கு மூலைகளையும் ஒரே அளவாக இழைக்க வேண்டும்; எட்டுப் பட்டை வரும். எட்டின் மூலைகளை இழைத்தால் பதினாறு. அதற்குப் பிறகு மிஞ்சுவதை உப்புத்தாள் பார்த்துக்கொள்ளும். தேய்த்து முடித்ததும் ஈரத்துணியால் ஒரு முறை துடைக்க வேண்டும். படுத்திருந்த நாரெல்லாம் ஈரம் பட்டதும் எழுந்து நிற்கும். காயவிட்டு மறுபடி தேய்த்தால்தான் அவை அடங்கும்.

அக்கா பக்கத்தில் ஒரு முக்காலியில் உட்கார்ந்து ஒரு முனையைப் பிடித்துக்கொண்டாள். முதல் கைப்பிடிக்கும் அவள்தான் முனை பிடித்தாள். கல்யாணமான புதிது, வீட்டில் ஒரு நாற்காலிகூட இல்லை. ரேடியோவோடு சேர்ந்து பாடிக்கொண்டே அக்காவும் தம்பியும் மாறி மாறித் தேய்த்தார்கள். தலையெல்லாம் மரத்தூள். வேலைவிட்டு வந்த அத்தான் வாசலில் நின்று, "யாருங்க இந்தக் கிழவனும் கிழவியும்?" என்று கேட்டார்.

"இப்ப அவர் வந்தா தூளைத் தட்டிட்டுப் பாத்தாலும் அதையேதான் கேப்பார்" என்றாள் அக்கா.

கடைசியில் பஞ்சை எடுத்துக் கைப்பிடி நெடுக இழுத்துக்கொண்டே போனார் தச்சர். எங்கே சொரசொரப்பு இருந்தாலும் பஞ்சு இழை விட்டுவிடும். ஒரு இழைகூட விடவில்லை. வார்னிஷ் அடித்து, இரண்டு நாள் காயவிட்டு, பழையதைக் கழற்றிவிட்டு மாட்டினார். மரத்தில் ஓடிய ரேகை மேலிருந்து கீழ்வரை எங்கும் அறுபடாமல் இறங்கியது. வாயெல்லாம் பல்லாக நின்றார்.

மூன்றாம் நாள் காலையில் அக்கா மேலிருந்து இறங்கினாள். மகன் கீழே கைகட்டி நின்றான். அவள் பாதிப் படி வந்தபோது அவன் இருமினான். அவ்வளவுதான். இன்னும் படி இருப்பதாக நினைத்துக் கடைசியில் அக்கா காலைத் தாழ்த்த, தரை முன்னதாகவே வந்து முட்டியது. முழங்கால் மடிந்து பொத்தென்று உட்கார்ந்தாள்.

"அடி பட்டுச்சாம்மா?"

"இல்லடா."

"போதும்மா. பேசின பேச்சுப்படி கட்டில் கீழேதான்." அவன் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு கட்டிலைக் கழற்ற மாடிக்குப் போய்விட்டான்.

தச்சர் முகத்தில் ஈயாடவில்லை. "வழுக்குதாக்கா?"

"வழுக்கல. ரொம்ப நல்லா இருக்கு, அதான் வம்பே. உன் ஒட்டு எங்கடா?"

"எந்த ஒட்டு?"

"ரெண்டரை அடி ஒட்டு. அது கையில இடிச்சா அங்கேர்ந்து மூணு படி, அப்புறம் தரை. கண்ணு மங்கின நாள்லேர்ந்து அதை வச்சுத்தான் இறங்குறேன். இப்ப எண்ணிக்கிட்டு வந்தேன், இவன் இருமிக் கணக்கைக் கெடுத்துட்டான்."

"முதல்லயே சொல்லக்கூடாதா?"

"சொன்னா எனக்கு எவ்வளவு தெரியலன்னு அவனுக்குத் தெரிஞ்சிடுமே. நீயோ அந்தப் பக்கம் திரும்பவே மாட்டே. வெக்கப்படுறவன்கிட்ட அதே மாதிரி இன்னொண்ணு போடுன்னு எப்படிக் கேக்குறது?"

தச்சர் சாக்பீஸை எடுத்தார். "வா, மெதுவா இறங்கிக் காட்டு."

இறங்கும்போது கால் நிற்கும் படியில் கை நிற்பதில்லை. ஒரு படி முன்னால் போய்விடும். அதனால் காலைப் பார்த்து அடையாளம் வைத்தால் தப்பாகிவிடும். மூன்று படி மிச்சமிருக்கையில் அவள் விரல் எங்கே இருக்கிறது என்று பார்த்துக் கைப்பிடியின் அடிப்பக்கம் கோடு போட்டார். விரல் நுனிகள் மடங்கும் இடம் அது. அரத்தை எடுத்தார். பளபளவென்றிருந்த வார்னிஷில் அதை வைக்க மனசு வரவில்லை. கண்ணை இறுக்கிக்கொண்டு முதல் இழுப்பு இழுத்தார். அதற்கப்புறம் கை தானாக ஓடியது. கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு பள்ளம்.

அக்கா தடவிப் பார்த்தாள். "இன்னும் ஆழமா போடுடா. சொந்த அக்காவுக்கே இவ்வளவு கஞ்சத்தனமா?"

மறுபடி அராவி, உப்புத்தாள் போட்டார். அக்கா மேலே போய்த் திரும்பி இறங்கத் தொடங்கியபோது மகன் ஸ்பேனரோடு மேல்படியில் வந்து நின்றான். "அம்மா, இருங்க..."

"பேசு, இருமு, என்ன வேணா பண்ணு" என்று இறங்கினாள். விரல் பள்ளத்தில் விழுந்தது. ஒன்று, இரண்டு, மூன்று. தரையில் பாதம் பூப்போல அமர்ந்தது. திரும்பி ஏறினாள். மறுபடி இறங்கினாள். மூன்றாவது தடவை மகன் ஸ்பேனரைப் பையில் போட்டுக்கொண்டு, "சரிம்மா" என்றான்.

தச்சர் வார்னிஷ் டப்பாவைத் திறந்தார். "அராவின இடத்துல ஒரு பூச்சு போட்டுடுறேன். காயற வரைக்கும் தொடக்கூடாது. ஒரே ஒரு ராத்திரி கீழே படுத்துக்கோக்கா."

"ஒரு ராத்திரி நான் கீழே படுத்தா மறுநாள் கட்டில் தானா இறங்கி வந்துடும்" என்றாள் அக்கா. "மூடுடா டப்பாவை."

"வெறும் மரம் தெரியுதேக்கா, அழுக்குப் பிடிக்கும்."

"என் கை அழுக்குத்தானே, பிடிக்கட்டும்." சொல்லிக்கொண்டே நான்கு படி ஏறிவிட்டாள்.