இருமுறை ஏறிய மேடு

வடமேற்கு மலைநாட்டில், மூலா ஆற்றுக் கணவாய் முடிந்து கலாத்து மேட்டுநிலம் விரியத் தொடங்கும் இடத்தில், இளவேனில் பிறந்தும் பனி விலக மனமின்றி மலைமுடிகளின்மேல் படுத்துக் கிடக்க, காட்டு வாதுமை மட்டும் அதனைச் சிறிதும் பொருட்படுத்தாது வெண்மலர் பூத்து நிற்க, காலைக் கதிரவன் பாறைகளை ஒவ்வொன்றாகத் தொட்டு எழுப்பிக்கொண்டிருந்தான். குளிர்காலத்தைக் கீழேயுள்ள கச்சிச் சமவெளியில் கழித்து மலையேறும் பிராகுயிக் குடிகள் ஆண்டுதோறும் நடக்கும் அவ்வழியில், நூற்றிருபது ஆடுகளோடு வந்து நின்றான் தில்முராது. பனி உருகாமையால் ஓடைகளில் நீர் இறங்கவில்லை. மேலே வழியும் திறக்கவில்லை. ஈன்று நான்கு நாள் ஆகாத குட்டிகள் தாய்மடியை முட்டி முட்டிப் பால் காணாமல் கத்தின. இன்னும் மூன்று நாளுக்குத் தண்ணீர் கிடைக்காவிடில் மந்தையில் பாதி மடியும். வற்றாத சுனை அங்கே ஒன்றே இருந்தது. அது மேட்டின்மேல் ஆட்டுமயிர்க் கூடாரம் அடித்திருந்த லச்கரானின் குடிக்கு உரியது.

தில்முராது ரொட்டி சுடும் இரும்புத் தட்டைப் போல் கறுத்தவன். அவனோடு ஒரே வயிற்றில் பிறந்த தங்கையோ கோதுமை நிறத்தாள். சிற்றப்பனுக்குத் தாடியே செம்பட்டை. எக்குட்டி கறுப்பு, எக்குட்டி வெள்ளை என்று பார்த்தா தாயாடு பாலூட்டுகிறது? அவர்கள் வீட்டிலும் எவரும் அதனைப் பார்த்ததில்லை. அன்று அவனுடன் மேடேறியவன் ரகமு, சமவெளியில் கூலிக்கு அமர்த்திய ஒட்டகக்காரன். பாலாடை போன்ற தோலும் சாம்பல் விழியும் உடைய அந்த ரகமுவுக்குப் பிராகுயி மொழியில் ஒரு சொல்லும் தெரியாது.

அந்நிலத்தில் வந்தவரிடம் முதலில் சேதி கேட்பார்கள். வந்தவருள் முதன்மையானவனை அறிந்து அவனையே கேட்க வேண்டும். அவனும் தான் யார் மகன், எங்கே மழை பெய்தது, யார் பிறந்தார், யார் மறைந்தார் என்று முறையாகச் சொல்லி முடித்த பின்னரே தன் வேண்டுதலைச் சொல்லலாம். சேதி சொன்னவன் விருந்தினன். விருந்தினனுக்குத் தண்ணீர் மறுக்கும் பிராகுயி இன்னும் பிறக்கவில்லை. கேட்கப்படாதவன் வாய் திறப்பதில்லை. ஆள் மாற்றிக் கேட்பதோ கன்னத்தில் அறைவதற்கு ஒப்பு.

லச்கரான் கெட்டவன் அல்லன். தன் குடியின் சிவப்பு நிறத்தில் சற்றே மிகுதியாக மயங்கியவன், அவ்வளவே. இருவரையும் கம்பளத்தில் அமர்த்தி, ஒரு நொடியும் எண்ணிப் பாராமல் ரகமுவின் பக்கம் திரும்பிச் சேதி கேட்டான். ரகமு விழித்தான். லச்கரான் அதனைப் பெரிய இடத்து அடக்கம் என்று கருதி, திரைக்கு அப்பால் இருந்த மனைவி மாபானுவிடம், "அந்தக் கரிமூட்டைக்கு வெளிய ஒரு ரொட்டி குடு. சமவெளிக்காரன், நம்ம பேச்சு புரியாது" என்றான்.

ரகமு தன் மொழியில் தில்முராதின் காதோரம், "அண்ணே, இவரு என்னமோ கேக்குறாரு. எனக்கு ஒட்டகப் பேச்சுதான் வரும்னு சொல்லிப்புடுங்க" என்றான்.

தில்முராதுக்கு நெஞ்சு எரிந்தது. இப்போதே பணிந்து வாய் திறந்தால் உச்சிப்பொழுதுக்குள் ஆடுகள் நீர் குடிக்கும். ஆனால் அது விருந்தினன் பெற்ற நீராகாது, இரந்து பெற்ற நீராகும். அவன் எழுந்து நின்றான்.

"புரியுது, லச்கரான் அண்ணே. கரிமூட்டைங்கறதும் புரியுது. எங்கம்மா பாலோட குடுத்த பேச்சு இது. நீங்க ஆளுகிட்ட சேதி கேக்கல, நிறத்துகிட்ட கேட்டீங்க. நிறத்துக்கு வாய் இல்ல."

மலையில் பிறந்தவனுக்கே உரிய தொண்டை உரசலோடு அச்சொற்கள் வந்து விழ, லச்கரானின் சிவந்த முகம் மேலும் சிவந்தது. தடுமாறியவனாய்த் தில்முராதையே சேதி சொல்லும்படி வேண்டினான்.

"ரெண்டாவதா கேட்டா நான் ரெண்டாவது ஆளு. கீழ ஓடை வரைக்கும் இறங்கிப் போயி மறுபடி ஏறி வரேன். யாரை முதல்ல கேக்கணுமோ அவனைக் கேளுங்க. இல்லேன்னா ஆட்டை ஓட்டிக்கிட்டுப் போயிருவேன்."

அவனும் ரகமுவும் இறங்கினர். தண்ணீர் மேலே இருக்கக் கீழே போகும் மந்தைக்காரனை இன்றுதான் பார்ப்பதாக ரகமு முணுமுணுத்தான். வறண்ட ஓடைக்கரையில் ஒரு குட்டி கால் மடிந்து கிடந்தது. அதனைத் தூக்கி மார்போடு அணைத்தபோது, மானம் பார்த்து மந்தையைக் கொல்கிறோமோ என்று அஞ்சி அவன் கண் கலங்கினான். ஆயினும் குட்டியோடு மீண்டும் மேடேறத் தொடங்கினான்.

கூடாரத்தில் லச்கரான் கல்லாய் அமர்ந்திருந்தான். தானே இறங்கிச் சென்றால் தலை குனிவு. சென்று எதிர்கொள்ளாவிட்டால் விருந்தினனை இழிவு செய்த பழி குடிக்கே தங்கும். திரைக்குப் பின்னிருந்து மாபானு கேட்டாள்: "எங்கப்பாவும் இவனை மாதிரி கறுப்புதான். அவருகிட்ட பொண்ணு கேக்க வந்தப்ப உங்களுக்கு வாய் குளறுச்சே, மறந்துபோச்சா?"

லச்கரான் தலைப்பாகையைச் சீராகக் கட்டினான். செருப்பைத் தேட நேரமின்றி வெறுங்காலோடு இறங்கினான். பாதி மேட்டில் தில்முராதின் எதிரே நின்று, அவன் கையை இரு கையாலும் பற்றினான்.

"தம்பி, நீ சொல்லு. சேதி சொல்லு."

தில்முராது சொன்னான். ஏழு தலைமுறை முன்னோர் பெயர்களைத் தொடுத்து, சமவெளியில் பொய்த்த மழையையும், மறைந்த மாமனையும், தங்கை ஈன்ற பிள்ளையையும் ஒன்றும் விடாது சொல்லி, கையிலிருந்த குட்டியைக் காட்டி முடித்தான். ஆடுகள் கதறியபோதும் அவன் ஒரு பெயரைக்கூடச் சுருக்கவில்லை. கூர்ங்கல்லில் வெறுங்காலோடு நின்ற லச்கரானும் சுருக்கச் சொல்லவில்லை. பின்பு இருவரும் சேர்ந்தே மந்தையைச் சுனைக்கு ஓட்டினர். அன்று முதலில் நீர் குடித்தது அந்தக் குட்டி.

கற்றறிந்த அன்பரே, அம்மக்கள் எத்திசையிலிருந்து எக்காலத்தே அம்மலை சேர்ந்தனர் என்று அறிஞர் இன்னும் வழக்கிடுவர், அது நிற்க. கோதுமை நிறத்தோரும் கரிய நிறத்தோரும் ஒரே அடுப்பைச் சூழ்ந்து அமரும் அவர்கள், தமிழுக்கு உறவான தம் மொழியில், கல்லைக் கல் என்றே, கண்ணைக் கண் என்றே, தொண்டை சற்றே உரச வழங்குகின்றனர். மேட்டின் பாதியில் லச்கரான் தலை குனிந்து சொன்ன ‘நீ’ என்னும் அச்சொல், தென்கடற்கரையில் நாம் தம்பியை அழைக்கும் அதே சொல்தான்.